லேசோ தீவு: கூரை மேல ஏறின கடல்

இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற படம் ஒன்று உண்டு. தாழ்வான சுவர் வைத்த ஒரு பழைய வீடு. அதன் தலையில் ஒரு மீட்டர் கனத்துக்கு, சாம்பல் நிறத்தில், சீவாத பரட்டைத் தலை மாதிரி ஒரு கூரை. கீழே தவறாமல் ஒரு வசனம்: "இயற்கையோடு இணைந்து வாழ்ந்த மக்கள்! கடல்பாசியால் கூரை வேய்ந்த டென்மார்க் தீவு!" அப்புறம் நாலு இதயம், மூணு கும்பிடு.

படம் உண்மைதான். தீவும் உண்மைதான், பேரு லேசோ. அந்த வசனம்தான் எனக்கு இடிக்குது. அந்தக் கூரை, இயற்கையோடு கைகோத்து வாழ்ந்ததற்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை. ஒரு காட்டையே அடுப்பில் வைத்து எரித்து முடித்த பிறகு, வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய கடலையும் இப்போ நாம (அதாவது இந்தக் காலத்து மனுஷங்க) கெடுத்து வெச்சிருக்கோம். இது ரெண்டையும் சொல்லாம கூரையை மட்டும் கும்பிடுறது சரியில்லைங்கறதுதான் என் கட்சி. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

தீவு எங்கே இருக்கு?

டென்மார்க் வரைபடத்தை எடுத்துப் பாருங்க. யூட்லாந்து தீபகற்பம் வடக்கே கூம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் கிடக்கிற கடலுக்குக் கட்டெகாட் என்று பெயர். அந்தக் கடலில் இருப்பதிலேயே பெரிய தீவு லேசோ. பெரிசுன்னதும் ரொம்பக் கற்பனை பண்ணாதீங்க. 100 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மக்கள்தொகை சுமார் 1,800. 2007-இல் டென்மார்க் அரசு 271 நகராட்சிகளைப் பிடித்து ஒன்றோடொன்று இணைத்து 98 ஆக்கியது. அந்த அலையிலும் லேசோ தனி நகராட்சியாகவே தப்பித்தது. நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த நகராட்சி இதுதான்.

ஃப்ரெடரிக்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வெஸ்டரோ ஹவ்ன். நடுவில் பியூரும் என்று ஒரு ஊர், வடகிழக்கில் ஓஸ்டர்பி ஹவ்ன். சொல்லிக்கொள்கிற மாதிரி ஊர்கள் இந்த மூன்றுதான். மலை கிலை எல்லாம் கிடையாது. தீவின் உச்சியே ஒரு மணல்மேடுதான், அதுவும் 30 மீட்டரைத் தொடாது.

இதன் பிறப்புக் கதை சுவாரசியமானது. பனியுகத்தில் ஸ்காண்டிநேவியா முழுக்கக் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. பனி உருகியதும், பாரம் இறக்கிய மெத்தை மாதிரி தரை மெல்ல மெல்ல மேலே எழும்ப ஆரம்பித்தது. அப்படிக் கடலுக்கு அடியிலிருந்து சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் தலையை நீட்டியதுதான் லேசோ. மேலே எழுவது இன்னமும் நிற்கவில்லை. தீவைச் சுற்றி மணல்திட்டும் பாறைத்திட்டும் ஆழமில்லாத கடலும்தான். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு இது எமன். கப்பல் கப்பலாக வந்து தரைதட்டி உடைந்திருக்கிறது. இந்த உடைந்த கப்பல்களை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

உப்பு வந்த வழி

தீவின் தெற்கே ரோனர்ன என்று ஒரு பெரிய சமவெளி. புல்வெளி என்றும் சொல்லலாம், கடல் என்றும் சொல்லலாம். அவ்வளவு தட்டை. கடல் மட்டம் ஏறினால் தண்ணீர் உள்ளே வந்து பரவிவிடும். கோடையில் வெயிலும் காற்றும் அதை ஆவியாக்கும். மிச்சமிருக்கிற உப்புநீர் மணலுக்குள் இறங்கும். கீழே தண்ணீர் புகாத களிமண் அடுக்கு இருப்பதால் அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். வருஷா வருஷம் இதே கதை.

கட்டெகாட் கடல்நீரில் உப்பு 2, 3 சதவீதம்தான். பால்டிக் பக்கமிருந்து நல்ல தண்ணீர் கலப்பதால் அது கொஞ்சம் சப்பென்றிருக்கும் கடல். ஆனால் ரோனர்னவில் ஒரு குழி தோண்டினால் ஊறுகிற தண்ணீரில் 10 சதவீதத்துக்கும் மேல் உப்பு! இயற்கையே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதிதான் வில்லங்கம்.

அந்த ஊர் வெயிலில் உப்பளம் போட்டுக் காயவைக்க முடியாது. காய்ச்சித்தான் ஆகணும். இரும்புச் சட்டியில் உப்புநீரை ஊற்றி, அடியில் விறகு போட்டு, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மேலே திரள்கிற உப்பை வாரிக் கூடையில் போட்டு வடிய விடுவார்கள். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆரம்பித்த தொழில். இப்படிக் காய்ச்சிய கொட்டகைகளின் தடயம் அந்தச் சமவெளியில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கிறது.

எத்தனை கொட்டகை, எத்தனை அடுப்பு, எத்தனை நூற்றாண்டு... கணக்குப் போட்டுப் பாருங்க. விறகு எங்கிருந்து வரும்? தீவின் காட்டிலிருந்துதான். 1620-இல் டேனிஷ்காரர்கள் நம்ம தரங்கம்பாடியில் கோட்டை கட்ட வந்து இறங்கினபோது லேசோவில் இந்த அடுப்புகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. 1652-இல் காய்ச்சுவது நின்றது. திருந்தி நிறுத்தவில்லை. வெட்ட மரம் இல்லை, அதனால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

பேராசையா?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு நீதிபோதனை வரும். "மனிதனின் பேராசை!" அப்படின்னு ஒரே வரியில் முடிச்சுடுவாங்க. எனக்கு அதுலயும் உடன்பாடு இல்லை.

இடைக்காலத்தில் அந்தத் தீவின் சொந்தக்காரர் தீவுக்காரர் இல்லை. யூட்லாந்தில் இருக்கிற விபோர்க் தேவாலயத்தின் குருமார் சபைக்குச் சொந்தம். குடியானவர்கள் குத்தகையை உப்பாகவே அளந்தார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத உலகம் அது. மீன் கெடாமல் இருக்கணுமா, உப்பு. வெண்ணெய்க்கா, உப்பு. இறைச்சிக்கா, உப்பு. வடக்கு ஐரோப்பாவே உப்புக்கு அலைந்த காலம். மதச் சீர்திருத்தம் வந்து சபை போய் அரசர் வந்தார். மேலே ஆள்தான் மாறியது, கீழே அடுப்பு மாறவில்லை.

குத்தகை கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்கிற நிலையில் இருப்பவனிடம் "ஏன்டா மரத்தை வெட்டினே?" என்று கேட்பது சுலபம். உப்பு எந்தத் தட்டுக்குப் போனது, குத்தகை யார் களஞ்சியத்துக்குப் போனது என்று கேட்பதுதான் நியாயமான கேள்வி. மரம் போனது தீவுக்கு, மீன் ருசித்தது நிலப்பரப்புக்கு.

மரம் போன பின்னாடி என்ன ஆச்சு? மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. தீவோ கடலடி மணலால் ஆனது. காற்று மணலைக் கிளப்பி வயலில் கொட்டியது. வயல் கெட்டது, விளைச்சல் குறைந்தது. வைக்கோல் மாட்டுக்கே பத்தாதபோது கூரைக்கு எங்கே போவது? வீடு கட்டச் சட்டம் அடிக்க மரமும் இல்லை.

அப்பதான் அந்த உடைஞ்ச கப்பல்கள் வேலைக்கு வந்துச்சு. கரை ஒதுங்கிய பாய்மரத் துண்டும் கப்பல் பலகையும்தான் உத்தரமும் தூணும். கூரைக்கு, கரையில் குவியல் குவியலாக ஒதுங்குகிற கடற்புல்.

பாசி இல்லை, புல்

படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள் "கடல்பாசி" என்பார்கள். அது பாசி இல்லை. வேர், தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள அசல் பூக்கும் தாவரம், கடலுக்குள் முளைப்பது. டேனிஷ் மொழியில் அதன் பெயருக்கு விலாங்குப் புல் என்று அர்த்தம். ரிப்பன் மாதிரி நீள நீள இலை. இதை வாரிக்கொண்டு வந்து, வயலில் பரப்பி, மழையிலும் காற்றிலும் மாதக்கணக்கில் போட்டுக் காயவைப்பார்கள்.

வேய்ந்தது யார் தெரியுமா? பெண்கள். ஆண்கள் கப்பல் வேலைக்கும் மீன்பிடிக்கவும் போய்விடுவார்கள். உழவு, மாடு, வீடு, கூரை எல்லாம் பெண்கள் பொறுப்பு. ஒரு வீட்டுக்குக் கூரை போடணும்னா முப்பது நாற்பது பேர், சில சமயம் நூறு பேர் வரைகூட, கூடிவிடுவார்கள். முதலில் புல்லை முறுக்கித் தடித்தடிக் கயிறாகத் திரித்து, கூரையின் கீழ்விளிம்பில் குறுக்குச் சட்டங்களில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதற்கு மேல் அடுக்கடுக்காகப் புல்லைக் கொட்டி மிதித்து இறுக்குவார்கள். முடிகிறபோது ஒரு கூரையின் எடை 35, 40 டன். எட்டு பத்து யானைகளை வீட்டு மேல ஏத்தி வெச்ச மாதிரி :-)

உப்பு ஏறிய புல் என்பதால் சீக்கிரம் மக்காது. எளிதில் தீப்பிடிக்காது. குளிரை நன்றாகத் தடுக்கும். 200, 300 வருஷம் தாண்டி நிற்கிற கூரைகள் உண்டு. மேலே புல் பூண்டு முளைத்துப் பூப்பூத்து நிற்கும்.

இதைக் கண்டுபிடித்த பெண்களின் மூளைக்கும் உழைப்புக்கும் எவ்வளவு பெரிய கும்பிடு போட்டாலும் தகும். அதில் எனக்கு ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனா அது ஏழ்மையிலும் பற்றாக்குறையிலும் பிறந்த சாமர்த்தியம். அதைத் தூக்கி "பார், எவ்வளவு அழகா இயற்கையோட வாழ்ந்தாங்க" என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், அவர்கள் பட்ட பாட்டையும் அந்தப் பாட்டுக்குக் காரணமானவர்களையும் சேர்த்தே மறைக்கிறோம்.

கூரை இருக்கு, புல் எங்கே?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லேசோவில் இந்த மாதிரிக் கூரை போட்ட வீடுகள் இருநூறுக்கும் மேல். இப்போ சுமார் 20. பழுதானவற்றைச் சரிபண்ணிப் புதுசாக வேயும் வேலை இந்த நூற்றாண்டில் மும்முரமாக நடந்திருக்கிறது. பழைய நுட்பத்தைக் கற்ற கைகள் மறுபடி உருவாகியிருக்கின்றன. 2013-இல் கட்டடக்கலைஞர்கள் கடற்புல்லை வைத்து நவீன வீடு ஒன்றே கட்டிக் காட்டினார்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் வேய்வதற்கு வேண்டிய புல், தீவின் கரையில் முன்னைப் போலக் குவிவதில்லை. டென்மார்க்கின் வேறு கரைகளிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. கடற்புல் கூரைக்கு உலகப் புகழ் பெற்ற தீவுக்கு வெளியூர்ப் புல்!

ஏன் இப்படி? ரெண்டு காரணம்.

முதல் அடி 1930-களில். வட அட்லாண்டிக் கரை நெடுக ஒரு நோய் வந்து இந்தப் புல்லை வாரிக்கொண்டு போனது. பல இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு காலி. அது இயற்கையாக வந்தது, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. புல்லும் பிற்பாடு ஓரளவு மீண்டு வந்தது.

ரெண்டாவது அடி நாம் கொடுத்தது. டென்மார்க் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் விவசாய நிலம். மனுஷர்களைவிடப் பன்றிகள் அதிகமாக இருக்கிற நாடு. உரமும் சாணக்கழிவும் மழையோடு வாய்க்கால், ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறது. அந்த நைட்ரஜனைத் தின்று நுண்பாசிகள் பெருகித் தண்ணீர் கலங்குகிறது. கடற்புல் ஒரு தாவரம், அதற்கு வெளிச்சம் வேண்டும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் அடிவரை இறங்காது. ஆழத்தில் இருந்த புல் முதலில் சாகும், மிச்சம் கரையோரமாக ஒதுங்கும். பாசி செத்து அடியில் மக்கும்போது ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். 1900 வாக்கில் டேனிஷ் கடலில் சுமார் 6,700 சதுர கிலோமீட்டருக்குக் கடற்புல் இருந்ததாகக் கணக்கு. இப்போது இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. குட்டி மீன்கள் ஒளிந்து வளர்கிற காடு அது, வேரால் கடலடி மண்ணைப் பிடித்து வைக்கிற காடு. புரியுதா? லேசோவில் தரைக்கு மேல் நடந்தது, கடலுக்கு அடியில் மறுபடி நடந்திருக்கிறது. மரம் போய் மணல் கிளம்பிய அதே கதை.

1986 அக்டோபரில் டேனிஷ் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு காட்சி காட்டினார்கள். தெற்குக் கட்டெகாட்டில் கில்லலாய என்ற ஊருக்கு வெளியே பிடித்த இறால்கள், ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போனவை. லேசோ மீனவர்களின் முக்கிய வருமானமான, மெல்லிய நீண்ட கொடுக்கு வைத்த அதே வகைக் கடல் இறால். நாடே அதிர்ந்தது. 1987-இல் கடலுக்குப் போகிற நைட்ரஜனைப் பாதியாகக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். அப்புறமும் திட்டத்துக்கு மேல் திட்டம். நகரச் சாக்கடையிலிருந்து போவது நிஜமாகவே நன்றாகக் குறைந்தது. வயலிலிருந்து போவதும் குறைந்தது, ஆனால் கடல் தேறுகிற அளவுக்கு இல்லை. 2024-இல் இன்னும் பெரிய ஒப்பந்தம். 2045-க்குள் 2,50,000 ஹெக்டேருக்குப் புதுக்காடு, 1,40,000 ஹெக்டேர் தாழ்நிலத்தில் சாகுபடியை நிறுத்துவது என்று பல அம்சங்கள். கடலைக் காப்பாத்த நிலத்துல காடு வளர்க்கணும்னு ஒரு நாடு முடிவு பண்ணியிருக்கு. காடும் கடலும் ஒரே கணக்குப் புத்தகம்னு லேசோவுக்கு என்னைக்கோ தெரியும்.

"அப்ப கூரையைப் பழுதுபார்க்க வேணாம்கிறியா?"

இப்படி ஒருத்தராவது கேட்பீங்கன்னு தெரியும். நிச்சயமா பழுதுபார்க்கணும். கூரை போனால் நுட்பம் போய்விடும், நுட்பம் போனால் திரும்ப வராது. நான் சொல்வது கூரையோடு நிறுத்திக்கொள்ளாதீங்க என்பது மட்டும்தான். கூரையைச் சரிபண்ண ஒரு அறக்கட்டளையும் நாலு கைத்தொழிலாளர்களும் போதும். கடலைச் சரிபண்ணத் தீவுக்கு வெளியே இருக்கிற ஆயிரக்கணக்கான பண்ணைகள் மாற வேண்டும். முதல் வேலை படத்துக்கு நல்லா இருக்கும். ரெண்டாவது வேலையில் ஓட்டு போகும், காசு போகும், சண்டை வரும். அதனால்தான் எல்லாருக்கும் முதல் வேலை பிடிக்குது.

"1,800 பேர் இருக்கிற தீவுக்காக நாடு முழுக்க மாறணுமா?" என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு லேசோவிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கு. வடக்கு ஐரோப்பாவின் பழைய பழுப்புத் தேனீ இந்தத் தீவில் தப்பிப் பிழைத்திருந்தது. வேறு இனத் தேனீயைக் கொண்டுவந்தால் கலந்து அழிந்துவிடும் என்று 1993-இல் டென்மார்க் அரசு தீவில் மற்ற தேனீக்களை வளர்க்கத் தடை போட்டது. தீவிலேயே இதற்கு எதிர்ப்பு, வழக்கு. ஐரோப்பாவுக்குள் சரக்கு தடையின்றிப் போய்வர வேண்டும் என்ற சட்டத்துக்கு இது எதிரானது என்று வாதம். 1998 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இந்தத் தடை நியாயமானதுதான் என்று சொல்லிவிட்டது. ஒரு தேனீக்காக ஒரு கண்டத்தின் வணிகச் சட்டம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. தேனீக்கு முடிஞ்சது புல்லுக்கு ஏன் முடியாது?

சுற்றுலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது லேசோவில் பழைய முறையில் உப்புக் காய்ச்சும் கொட்டகையைத் திரும்பக் கட்டி, சின்னப் பையில் போட்டு விற்கிறார்கள். மூடிய தேவாலயம் ஒன்று உப்புநீர்க் குளியல் நிலையமாகிவிட்டது. சிலர் இதைக் கிண்டல் பண்றாங்க. எனக்கு அதில் வருத்தமில்லை. வேலை இல்லாவிட்டால் இளவட்டம் எல்லாம் கப்பலேறிப் போய்விடும், அப்புறம் கூரையைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. காடும் இருபதாம் நூற்றாண்டில் திரும்ப நடப்பட்டு ஓரளவு வந்திருக்கிறது. உப்பு விற்கட்டும். ஆனால் அந்தப் பையை வாங்குபவருக்கு, இது ஒரு காலத்தில் காட்டைத் தின்ற உப்பு என்பதும் தெரியட்டும். தெரிந்து வாங்கினால் ருசி ஒண்ணும் குறையாது.

மொத்தத்தில் நான் சொல்ல வர்றது இதுதான். லேசோ நல்லா இருக்கான்னு பார்க்கணும்னா கூரைகளை எண்ணாதீங்க. கரைக்கு வெளியே கடற்புல் எத்தனை மீட்டர் ஆழம் வரைக்கும் முளைக்குதுன்னு அளந்து பாருங்க. அந்த எண் ஏறினால் தீவு பிழைக்கும், கூரைக்குப் புல்லும் தானா கரைக்கு வரும். ஏறலைன்னா, அந்த 20 வீடும் தண்ணியில்லாத மீன்தொட்டியில் வைத்த அழகான சங்கு மாதிரி.

உங்களுக்கு வேற கருத்து இருந்தா தாராளமா சண்டைக்கு வாங்க. அடுத்த தடவை அந்தப் படம் உங்க கைக்கு வந்தா, இதயம் போடுறதுக்கு முன்னாடி "இந்தப் புல் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேட்டுட்டு அனுப்புங்க.